கட்டடக்கலைச் சேவை விலைப்புள்ளி (வளைகுடா நாடுகள்)

ஒரு கட்டடத்தை வரைந்து, அரசு அனுமதி பெற்று, கட்டி முடியும்வரை மேற்பார்க்க என்ன கட்டணம் என்று வடிவமைப்பு நிறுவனம் உரிமையாளருக்கு எழுத்தில் தரும் ஆவணமே கட்டடக்கலைச் சேவை விலைப்புள்ளி. வளைகுடாத் தமிழர் பேச்சில் இது கொட்டேஷன். தருகிற நிறுவனம் கன்சல்டன்ட். தமிழ்நாட்டில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும் ஒப்பந்தக்காரரே வரைபடத்தையும் கொடுத்துவிடுவது உண்டு. துபாயில் கட்டட அனுமதிக்கு உரிமம் பெற்ற கன்சல்டன்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் கட்டுமானச் செலவுக்கு முன்பே இந்தச் செலவு தனியாக வந்து நிற்கிறது.

இதன் கனத்தை உணர ஐக்கிய அரபு அமீரகத்தின் 1985ஆம் ஆண்டுக் குடிமையியல் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கட்டடம் முழுவதுமாகவோ பகுதியாகவோ இடிந்தாலும், அதன் உறுதியைக் குலைக்கும் குறை தெரிந்தாலும், ஒப்படைத்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு ஒப்பந்தக்காரரையும் மேற்பார்த்த கட்டடக் கலைஞரையும் கூட்டாகப் பொறுப்பாக்கியது அதன் 880ஆம் பிரிவு. வரைபடத்தோடு நின்றவர் வடிவமைப்புப் பிழைக்கு மட்டும் பொறுப்பு என்றது 881. இப்பொறுப்பைக் குறைக்கும் உடன்பாடு எதுவும் செல்லாது என்றது 882. 1804ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டத்தில் பிறந்து, எகிப்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக அரபு நாடுகளுக்கு வந்த கொள்கை இது. ஆகவே மேற்பார்வை உள்ள விலைப்புள்ளியையும் இல்லாததையும் அருகருகே வைத்துத் தொகையை மட்டும் ஒப்பிடுவது பொருளற்றது. முன்னதில் பத்தாண்டுப் பொறுப்பின் விலையும் அடங்கியிருக்கிறது.

கட்டணத்தை மொத்தத் தொகையாகவோ, கட்டுமானச் செலவில் விழுக்காடாகவோ, பரப்புக்கு இவ்வளவு என்றோ குறிப்பார்கள். விழுக்காடு என்றால், எந்தச் செலவின் மீது என்பதே முதல் கேள்வி. 20 லட்சம் திர்ஹம் மதிப்பிட்ட வில்லாவுக்கு 5 விழுக்காடு பேசினால் கட்டணம் 1 லட்சம். செலவு 26 லட்சமாக ஏறி, இறுதிச் செலவே கணக்கு என்று ஆவணத்தில் இருந்தால் 1,30,000. பரப்பு முறையில் வரைபடம் சதுர மீட்டரிலும் பேச்சு சதுர அடியிலும் இருப்பது சகஜம். 1 சதுர மீட்டர் 10.76 சதுர அடி. பால்கனியும் கார் நிறுத்துமிடமும் கணக்கில் சேருமா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். சிறிய வேலைக்கு மொத்தத் தொகையே பாதுகாப்பு.

அதிகம் பிணக்கு எழுவது மேற்பார்வையில்தான். எத்தனை மாதம், பொறியாளர் வாரத்துக்கு எத்தனை முறை தளத்துக்கு வருவார், ஒப்பந்தக்காரர் தாமதித்தால் கூடுதல் மாதத்துக்கு எவ்வளவு, அதைக் கொடுப்பது யார் ஆகியவை எண்ணாகவும் பெயராகவும் இருக்க வேண்டும். ‘தேவைக்கேற்ப’ என்ற சொல் போதாது. பெருந்திட்டங்களில் வரைபவரும் மேற்பார்ப்பவரும் வெவ்வேறு நிறுவனங்களாகவே இருப்பதுண்டு. 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்தது அமெரிக்காவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில். மேற்பார்வைப் பொறியாளர் ஹைடர் கன்சல்டிங்.

மண் பரிசோதனை, நில அளவை, அரசுக் கட்டணங்கள், முப்பரிமாணப் படங்கள் ஆகியவை பெரும்பாலும் தொகைக்கு வெளியே நிற்கும். ‘இதில் அடங்காதவை’ என்ற பகுதியை, கூட்டுத்தொகைக்கு முன்பே படிப்பது நல்லது. துபாயின் கராமாவிலோ தேராவிலோ உணவகம் திறக்கும் தமிழர்களை இது நேராகத் தொடுகிறது. உள் அமைப்பு வேலைக்குக்கூடக் கட்டட உரிமையாளரின் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று), துபாய் மாநகராட்சியின் ஒப்புதல், தீப்பாதுகாப்புக்கு சிவில் டிஃபென்ஸின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். அனுமதி தரும் அலுவலகமும் இடத்துக்கு இடம் மாறும். பாம் ஜுமைரா போன்ற பகுதிகளில் அந்த அதிகாரம் டிராக்கீஸ் என்ற அரசுத் துறையிடம். ஒவ்வொரு ஒப்புதலுக்கும் அலைவது யார் என்று எழுதாத விலைப்புள்ளியில் கையெழுத்திடக் கூடாது.

கடைசியாக வரி. அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் 2018 ஜனவரி 1 முதல் 5 விழுக்காடு வாட் வந்தது. சவூதி அதை 2020 ஜூலையில் 15 ஆக்கியது. பஹ்ரைனில் 2022 முதல் 10. ஓமானில் 2021 ஏப்ரல் முதல் 5. தொகை வரி சேர்த்தா, நீங்கலாகவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் ஆண்டு வரவு 3,75,000 திர்ஹத்தைத் தாண்டிய நிறுவனம் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாத நிறுவனம் வாட் வாங்க முடியாது. பதிவு எண் 15 இலக்கம் கொண்டது. அது உண்மையானதா என்று கூட்டாட்சி வரி ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.