இறப்பர் நாடாவும் செயற்கைத் தசையும்

ஊவா மலைச்சரிவுகளில் 1869ஆம் ஆண்டில் ஒரு நோய் தோன்றிற்று. மடுல்சீமைப் பகுதிக் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொட்டுக்கள் காணப்பட்டன. இலைத்துரு என்னும் அந்நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலையே வீழ்த்திவிட்டது. தோட்டத்துரைமார் மாற்றுப் பயிர் தேடினர். சின்கோனாவும் தேயிலையும் நடப்பட்டன. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூப் பூங்காவில் முளைத்தன. அக்கன்றுகள் அவ்வாண்டே ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. பதுளையின் உயர்ந்த மலைகள் தேயிலைக்கு உரியனவாயின. தாழ்ந்த மொனராகலைப் பக்கத்தில் பின்னர் இறப்பர் வேரூன்றியது.

இறப்பர் ஒரு பல்பகுதியம். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் மணிமாலை போலக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி அது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மின்சாரமும் அதனை நீட்டவல்லது என்பதை 1880இல் ஜெர்மானிய அறிஞர் ரொண்ட்கன் காட்டினார். ஒருமுனை பொருத்தப்பட்டு மறுமுனையில் பாரம் தொங்கிய இறப்பர் நாடாவுக்கு அவர் மின்னேற்றம் ஊட்டினார். நாடா நீண்டது, மின்னேற்றம் நீங்கியதும் சுருங்கியது. அது இலங்கை இறப்பர் அன்று. ஹெனரத்கொடைக் கன்றுகளுக்கு அப்போது நான்கு வயதே. பதினைந்து ஆண்டுகளின் பின், 1895இல், அவரே எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். கதிர் உடனே மருத்துவமனைக்குள் புகுந்தது; நாடாவோ நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது.

இடைக்காலத்தில் வேறு பல்பகுதியங்கள் தம் இயல்பைக் காட்டின. 1969இல் ஜப்பானிய அறிஞர் கவாய், ஒருவகைப் புளோரின் பல்பகுதிய ஏட்டை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கும் என்று கண்டார். 1977இல் ஷிரகாவா, மக்டயாமிட், ஹீகர் ஆகிய மூவரும் உலோகம் போல மின் கடத்தும் பல்பகுதியத்தை அறிவித்தனர். 2000ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் கலிபோர்னிய ஆய்வாளர், மின்னால் தம் நீளத்தின் இருமடங்குக்கு மேல் நீளும் மென்படலங்களைச் செய்து காட்டினர். செயற்கைத் தசை என்னும் பெயர் பரவலாயிற்று.

அது தொழிற்படும் முறை எளிது. மெல்லிய இறப்பர்ப் படலத்தின் இருபுறமும் வளையக்கூடிய மின்கடத்தி பூசப்படுகிறது. மின்னழுத்தம் கொடுத்ததும் இருபக்கத்து எதிரெதிர் மின்னேற்றங்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. நடுவே அகப்பட்ட படலம் மெலிந்து பரக்கிறது; மின் நின்றதும் பழைய நிலைக்கு மீள்கிறது. பற்சக்கரமில்லை, ஓசையில்லை, பாரமும் குறைவு. எனவே செயற்கைக் கை, குருதிக்குழாயினுள் தானே வளைந்து செல்லும் நுண்குழாய் ஆகியவற்றுக்கு இத்தகைய பொருள்களை ஆராய்கின்றனர். கவாயின் ஏடோ நாடித்துடிப்பையும் மூச்சையும் உணரும் கருவிகளில் ஏற்கெனவே பயன்படுகிறது. ஆனால் இறப்பர்த் தசைக்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வோல்ற்று மின்னழுத்தம் தேவை; நெடுநாள் உழைப்பதும் அரிது. ஆதலால் அது இன்னும் பெரிதும் ஆய்வுகூடத்துக்குள்ளேயே இருக்கிறது.

அது வெளிவரும் நாளில் யாரை நாடி வரும் என்பதே ஊவாவின் கேள்வி. கோப்பிக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் பலர் மருத்துவமின்றி மாண்டனர். 1872இல் ஒரு சட்டம், 1912இல் மற்றொன்று என, அரசு சட்டம் இயற்றித்தான் தோட்டங்களுக்கு மருத்துவ வசதியைத் தேட வேண்டியதாயிற்று. மருந்து அன்று இல்லாமலில்லை. அது லயத்து வாசலுக்கு வரவில்லை. கொழுந்து கொய்யும் கையும் இறப்பர்ப் பால் வெட்டும் கையும் உலகுக்கு அளித்தவை பல. அக்கை ஒன்று இயந்திரத்தில் சிக்கி இழக்கப்படுமாயின், மரத்தின் பாலில் தொடங்கிய அறிவின் பயன் அதற்கும் கிட்ட வேண்டும். கண்டுபிடிப்பது அறிவியலின் கடமை. கடைசி லயம் வரை கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் கடமை.