கடலில் இடம் சொல்லும் அலை



ராஜபாளையத்துக்கும் வில்லிபுத்தூர் கோபுரத்துக்கும் சுமார் 11 கிலோமீட்டர். வானொலி அலைக்கு அது 37 மைக்ரோ நொடிப் பயணம். ஒரு மைக்ரோ நொடி தவறினால் 300 மீட்டர் தவறிவிடும். (கணக்கு என்றதும் ஓடாதீர்கள்!) இரண்டு நிலையங்களின் அலைகள் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கப்பலின் இடத்தைச் சொன்னது லோரான்-சி.

இந்தியாவில் மேற்கே திராங்கத்ரா, வேராவல், பிலிமோரா. கிழக்கே பாலசோர், பட்டாப்பூர், டயமண்ட் ஹார்பர் என இதற்கு ஆறு நிலையங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை.

நிலையம் கட்டினால் மட்டும் போதாது. இந்த அலை கடல்மேல் போவதைவிட நிலத்தின்மேல் சற்று மெதுவாகப் போகும். ஆகவே, ஏற்கெனவே துல்லியமாக அளந்த இடத்தில் கருவியை வைத்து, அது காட்டும் இடம் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். அப்படி அளக்கும் வேலையை 1802-ல் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்துத் தொடங்கினார். அந்த அடிக்கோடு சுமார் 12 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நமக்கும் வில்லிபுத்தூருக்கும் உள்ள தூரம்தான்.

ஜிபிஎஸ் வந்தபின் அமெரிக்கா 2010-ல் லோரானை நிறுத்தியது. வட கொரியா ஜிபிஎஸ் அலையைக் குழப்பியதால் தென் கொரியா லோரானின் புது வடிவத்தை நாடியது. ராமேஸ்வரம் படகுகள் நம்பியிருப்பதும் ஜிபிஎஸ்ஸைத்தான். அது குழம்பினால், நடுக்கடலில் எல்லை எந்தப் பக்கம் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்?

கப்பலில் வேலை பார்த்த பிள்ளைகள் யாராவது லோரான் கருவியைக் கையாண்டிருந்தால் எழுதுங்கள்.