ஆட்டோடு வந்த மாட்டு நோய்: நாங்கள் மறந்துபோன ஒரு வரலாறு



மனிதன் இந்தப் பூமியிலிருந்தே முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டு. முதலாவது எதுவென்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் "பெரியம்மை" என்று உடனே சொல்லிவிடுவார்கள். இரண்டாவதை எங்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அது மாடுகளைத் தாக்கிய ரின்டர்பெஸ்ட். தமிழில் வெக்கை நோய் என்பார்கள்.

எங்கள் பகுதியில் பட்டி வைத்திருப்போரும் உழ்ஹிய்யாவுக்கு மாடு வாங்குவோரும் நிறையப் பேர். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இந்நோய் கண்ட மாட்டுக்குக் கடும் காய்ச்சல் வரும். கண்ணாலும் மூக்காலும் நீர் வடியும். வாய்க்குள் புண் வரும். பிறகு கடுமையான கழிச்சல். ஒன்றிரண்டு வாரத்துக்குள் மாடு செத்துவிடும். மருந்து எதுவும் இருக்கவில்லை.

1880களின் இறுதியில் கப்பலில் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு இது ஆபிரிக்காவின் எரித்திரியாவில் இறங்கியது. பத்து வருடத்துக்குள் தென்னாபிரிக்கா வரை போய்விட்டது. பல பகுதிகளில் பத்து மாட்டில் எட்டு, ஒன்பது செத்தன. உழ மாடில்லை, குடிக்கப் பாலில்லை. எத்தியோப்பியாவில் மாடுகளுக்குப் பின்னால் மனிதர்களும் பஞ்சத்தில் மடிந்தார்கள்.

தடுக்கும் வழி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1700களின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் லான்சீசி, நோயுள்ள மாட்டைக் கொன்று புதைக்கவும், மாடுகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதை நிறுத்தவும் சொன்னார். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்ற நபிகளாரின் வழிகாட்டலும் எங்களுக்குப் புதிதல்ல.

1960 அளவில் கென்யாவில் வோல்டர் பிளோரைட் என்ற மிருக வைத்தியர் நல்லதொரு தடுப்பூசியை உருவாக்கினார். ஒரு முறை போட்டால் மாட்டின் ஆயுளுக்கும் போதும். ஆனால் அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். பிற்பாடு வெப்பம் தாங்கும் தடுப்பூசி வந்தது. வீதியும் மின்சாரமும் இல்லாத இடங்களுக்கு அதைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் பயிற்சி பெற்ற மாடு மேய்ப்பவர்களே. எந்த மாடு எங்கே மேய்கிறது, எது சோர்ந்து நிற்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! 2001 இல் கென்யாவில் கடைசியாக இந்நோய் காணப்பட்டது. 2011 இல் உலகம் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இதில் எங்கள் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. நாற்பது வருடமாக இலங்கையில் இல்லாதிருந்த நோய் 1987 இல் திரும்பி வந்தது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்ததென்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆடுகளில் இந்நோய் வெளியே தெரியாமலும் இருந்துவிடும். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் எருமைகளும் மடிந்தன. யுத்தத்துக்கு நடுவே தடுப்பூசி போடுவது இலேசான காரியமா? 1994 வரை அந்தத் தொல்லை ஓயவில்லை.

ரின்டர்பெஸ்ட் போய்விட்டது. கால் வாய் நோய் இன்னும் இருக்கிறது. 2020 இல் தோல் கழலை நோயும் வடக்கில் தலைகாட்டியது. இவை பரவும் முக்கிய வழிகளில் ஒன்று அதே பழைய வழிதான்: நோயுள்ள பிராணியை மறைத்து இடம் மாற்றுவது.

ஆகவே வாய் நுரைத்தாலோ, நொண்டினாலோ, தோலில் கட்டி கண்டாலோ அந்த மாட்டை உடனே பிரித்துக் கட்டுங்கள். மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். சுகாதாரச் சான்றிதழ் இல்லாத மாட்டை, விலை குறைவென்று வாங்காதீர்கள். புதிதாக வாங்கியதைச் சில வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். தடுப்பூசி போட வருகிறவர்களுக்கு மாட்டை ஒளிக்காமல் காட்டுங்கள்.

நோயை மறைத்து விற்றால் ஒருவருக்கு அன்று நட்டம் வராமல் போகலாம். ஆனால் பக்கத்துப் பட்டியில் ஒரு விதவைத் தாயின் ஒரேயொரு பசு செத்துப் போகலாம். அந்தப் பொறுப்பிலிருந்து நாங்கள் யாரும் தப்ப முடியாது.

பட்டி வைத்திருக்கும் உறவினர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.