பாடியவரும் பாட்டும்: உ.வே.சா. எழுதிய இசைவாணர் வரலாறுகள்

டாக்டர் உ.வே. சாமிநாதையரை (1855–1942) ஏடு தேடிய பதிப்பாசிரியராகவே தமிழுலகம் போற்றுகிறது. 1936இல் அவர் வெளியிட்ட கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரின் வரலாறுகளை இலக்கிய ஆய்வாளர் இசைத்துறைக்கு உரியன என ஒதுக்கிவிடுவதுண்டு. இசைவாணர்பால் கொண்ட பேரன்பு, அவர்தம் பாட்டின் குணத்தையும் குற்றத்தையும் உள்ளவாறு உரைக்கும் நேர்மைக்குத் தடையாகாத நிலையை இந்நூல்களில் காணலாம்.

அவ்வன்பு குடும்பச் சொத்து. தந்தையார் வேங்கடசுப்பையர், உறவினரான கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்றவர். உடையார்பாளையம் சமஸ்தானத்தின் ஆதரவில் வாழ்ந்த கிருஷ்ணையரை உ.வே.சா. கண்டதில்லை; தந்தையார் வாய்வழியே பாடல்களையும் அவை பிறந்த சூழல்களையும் அறிந்தார். கிருஷ்ணையரின் பதங்களுள் பல தலைவி கூற்றாக அமைந்தவை. பாட்டை மட்டும் நோக்குவோர் அவற்றைச் சிருங்காரம் என்றே கொள்வர். புரவலரின் பாராமுகத்தால் நேர்ந்த புலவரின் மனத்தாங்கல் தலைவியின் ஊடலாக உருக்கொண்ட இடங்களை வரலாற்றாசிரியர் சுட்டும்போது பொருள் வேறாகிறது.

பாடினோர், பாடப்பட்டோர், பாடிய சந்தர்ப்பம் ஆகியவற்றைக் கூறிப் பாட்டை விளக்கும் இம்முறை நமக்குப் புதிதன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகள் செய்வதும் இதுவே. 1894இல் அந்நூலைப் பதிப்பித்தவர், மூன்று இசைவாணர் வரலாறுகளுக்கு அடுத்த ஆண்டில் குறுந்தொகையை வெளியிட்டவர், பதத்தையும் அதே கண்கொண்டு நோக்கினார் என்று கருதுவது பொருந்தும். ஆயினும் சங்கப் பாடற் குறிப்புகளைப் பற்றி எழும் ஐயம் இங்கும் எழும்: நிகழ்ச்சியிலிருந்து பாட்டுப் பிறந்ததா, பாட்டிலிருந்து நிகழ்ச்சி பிறந்ததா? செவிவழிச் செய்தியை ஆளும் ஆய்வாளர் இவ்வினாவைக் கைவிடலாகாது.

கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாறு இவ்வகையில் உறுதியானது. மாயூரத்தில் அவரை நேரில் கண்டு, சிறிது காலம் அவரிடமே இசை பயின்றவர் உ.வே.சா. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகியபோது பிள்ளை உடனே இசையவில்லை. இலக்கணப் பிழைகள் இருந்தன. சேக்கிழார் கூறாத செய்திகளும் இருந்தன. நந்தனாரை அடக்கியாளும் வேதியர் என்னும் பாத்திரம் பெரியபுராணத்தில் இல்லை. பலமுறை வந்து காத்திருந்த பாரதியார், ஒருநாள் பிள்ளையின் வீட்டில் இருந்தபடியே அக்கீர்த்தனங்களைப் பாடினார். கேட்ட பிள்ளை உருகிப் பாயிரம் அளித்தார்.

இந்நிகழ்ச்சியை எழுதியவர் இருவருக்கும் மாணாக்கர் என்பதை மறத்தலாகாது. பிழையே இல்லை என்று பாரதியாரைக் காத்திருக்கலாம். ஆசிரியரின் தயக்கத்தை மறைத்துமிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பிழையும் நிற்கிறது, உருக்கமும் நிற்கிறது. எழுத்தில் கண்டபோது குறையாகத் தோன்றியது பாடக் கேட்டபோது பின்தங்கியது என்னும் இவ்விளக்கம், கீர்த்தனையை ஏட்டுச் செய்யுளுக்குரிய அளவுகோலால் மட்டும் அளப்போருக்கு இன்றும் விடையாகும். வேதியர் பாத்திரத்தின் சமூகப் பொருளை அவர் மேலும் ஆராய்ந்திருக்கலாம் என்ற குறை நமக்கு உண்டு. அவ்வினாவைப் பிற்காலத்தாரே முன்வைத்தனர்.

மகா வைத்தியநாதையர் (1844–1893) வரலாற்றில் வியப்பே மேலோங்குகிறது. அவர் இசையைத் தம் செவியாலேயே கேட்டவர் உ.வே.சா. என்பதால் அது இயல்பே.

மாயூரத்துச் செய்தி ஒன்று எஞ்சுகிறது. இசைப் பயிற்சி மிகுந்தால் இலக்கண இலக்கியக் கல்வி தளரும் என்று பிள்ளை கருதினார். அதனை அறிந்த இளம் மாணாக்கர் பாரதியாரிடம் பயில்வதை நிறுத்திவிட்டார். பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டார். அதன் பின்னரே பாரதியார் வரலாறு வந்தது. பயிற்சியை நிறுத்திய அச்செய்தியையும் அவர் மறைக்கவில்லை. 'என் சரித்திர'த்தில் தாமே எழுதிவைத்தார்.