ஸ்ட்ரீமிங்

ஒலியோ காணொளியோ முழுவதும் இறங்கி முடியும்வரை காத்திராமல், வந்துகொண்டிருக்கும்போதே கேட்கவும் பார்க்கவும் உதவும் இணையவழி முறை.

1993 ஜூன் 24 அன்று கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்ற இசைக்குழு வாசித்ததை, எம்போன் என்ற சோதனை வலையமைப்பின் வழியே ஆஸ்திரேலியா வரை நேரலையில் பார்த்தார்கள். பொதுமக்களிடம் இந்த நுட்பத்தைக் கொண்டுசேர்த்தது, ராப் கிளேசர் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ரியல்ஆடியோ. நொடிக்கு 14.4 கிலோபிட் வேகமுள்ள மோடத்தில் பேச்சு ஓரளவு தெளிவாகக் கேட்டது, இசை தேறவில்லை.

காணொளியின் பெரிய தடை அதன் பருமன். 1920×1080 புள்ளிகள் கொண்ட படங்களை நொடிக்கு 25 வீதம் அப்படியே அனுப்பினால், நொடிக்கு 15 கோடி பைட்டுக்கு மேல் ஆகும். முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் குறித்து அனுப்பும் சுருக்கமுறைகள், 2003-இல் வந்த எச்.264 உட்பட, இதை ஏறத்தாழ ஆறு லட்சம் பைட்டுக்குள் அடக்கின. இருந்தும் படம் நின்று நின்று ஓடும் பஃபரிங் தொல்லை தீரவில்லை. அன்றைய தனிவகை சர்வர்கள் ஒவ்வொரு பார்வையாளரின் நிலையையும் தாமே நினைவில் வைத்துப் படத்தைத் தள்ளிக்கொண்டிருந்தன. கூட்டம் பெருகினால் அவை திணறின. அலுவலக ஃபயர்வால்கள் பல அந்தப் போக்குவரத்தை உள்ளேயே விடவில்லை.

உண்மையான திருப்பம், அந்தத் தனிப்பாதையைக் கைவிட்டு, சாதாரண இணையப் பக்கங்கள் வரும் வழியிலேயே காணொளியையும் அனுப்பியதுதான். மைக்ரோசாஃப்ட் 2008-லும் ஆப்பிள் 2009-லும் வெளியிட்ட முறைகளில், ஒரே காணொளி பல தரங்களில் தயாராகி, சில நொடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. துண்டுகளின் முகவரிகளையும் நீளத்தையும் வரிவரியாகச் சொல்லும் சிறிய பட்டியல் கோப்பை பிளேயர் முதலில் வாங்குகிறது. ஒரு துண்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்று அளந்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என அதுவே முடிவுசெய்கிறது. ரயிலில் போகும்போது படம் சட்டென்று மங்கி, பிறகு தெளிவது இதனால்தான். 2012-இல் இதே கருத்து எம்பெக்-டாஷ் என்ற சர்வதேசத் தரமானது.

துண்டுகள் சாதாரண இணையக் கோப்புகள் என்பதால், ஊருக்கு ஊர் உள்ள சர்வர்களில் அவற்றின் நகலை வைக்க முடிந்தது. எம்.ஐ.டி.யின் டாம் லெய்ட்டன், டேனியல் லெவின் ஆகியோர் 1998-இல் நிறுவிய அகமாய், இணையப் பக்கங்களுக்காக இத்தகைய வலையமைப்பை முன்பே கட்டியிருந்தது. 2023 உலகக்கோப்பைக் கிரிக்கெட் இறுதிப்போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தபோது தாங்கியது இந்த ஏற்பாடுதான்.

இதற்குக் கொடுத்த விலை தாமதம். ஆப்பிள் முறையில் தொடக்கத்தில் ஒரு துண்டு 10 நொடி. மூன்று துண்டு கைவசம் வைத்துக்கொண்டு ஓட்டினால் நேரலையே அரை நிமிடம் பின்தங்கும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் விக்கெட் விழுந்த ஆரவாரம் முதலில் கேட்டுவிடும். துண்டு முழுதாகும் முன்பே அதன் சிறு பகுதிகளை அனுப்பும் முறையை ஆப்பிள் 2019-இல் அறிவித்தது. தாமதத்தைக் குறைத்தால் கையிருப்பு குறைகிறது, இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் படம் நின்றுவிடுகிறது. இந்த இழுபறியில்தான் பொறியாளர்கள் இப்போது உழைக்கிறார்கள்.