வேனிற்காலத்து மீன் வேட்டை

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் ஏறி நின்று நாற்றிசையும் நோக்கினால், சிறுமலையும் பழனிமலைத் தொடரும் இடையே பரந்து கிடக்கும் புன்செய் நிலங்களும் கண்ணுக்குப் புலனாகும். கடல் மட்டும் புலனாகாது. கடலில்லாத ஊரிலிருந்துகொண்டு கடல் மீன் வேட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று மாணவர்கள் வினவலாம். அதற்கு விடை நம் ஆற்றிலேயே இருக்கிறது. குடகனாறு வேடசந்தூர் வழியே வடக்கு நோக்கிச் சென்று அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூருக்கு அருகே காவிரியை அடைகிறது. காவிரியோ பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. ஆகவே நம் வயலில் பெய்யும் மழைக்கும் கடலுக்கும் உறவு உண்டு. கடலின் வாழ்வும் தாழ்வும் நமக்கு அயலார் செய்தி அல்ல.

வயிற்றுப் பாட்டுக்காக மீன் பிடிப்பது ஒன்று. மகிழ்ச்சிக்காகப் பிடிப்பது மற்றொன்று. இரண்டாவது வகை நம் வட்டாரத்திலும் உண்டு. அறுவடை முடிந்து, வேனிலில் கண்மாய் நீர் வற்றத் தொடங்கும்போது, நத்தம் வட்டாரத்துச் சிற்றூர்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், அதுவரை காத்திருந்த மக்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையும் ஏந்தி ஒருசேர நீரில் இறங்குவர். அந்த நாள் வரும்வரை கண்மாயில் யாரும் கை வைத்தலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. விளையாட்டுக்கு முன்னே விலக்கு நிற்கிறது. கடல் மீன் வேட்டையின் வரலாறும் இந்த உண்மையையே பெரிய அளவில் உரைக்கிறது.

பங்குனி, சித்திரை மாதங்களில் நம் தென்கிழக்குக் கடல் எவ்வாறு இருக்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது பாக் நீரிணை கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது மன்னார் வளைகுடா சீறியெழும். இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட வேனிற்காலத்தில் கடல் சில வாரங்கள் அமைதி கொள்கிறது. அலை தணிகிறது; கலங்கல் அடியில் படிந்து நீர் தெளிகிறது; வெயிலால் மேல்நீர் வெதுவெதுப்பாகிறது. சாளையும் நெத்திலியும் போன்ற சிறுமீன்கள் கூட்டமாகத் திரியும் இடங்களுக்கு அவற்றை இரையாகக் கொள்ளும் பாரை, சீலா, வஞ்சிரம், சூரை ஆகியவை துரத்தி வருகின்றன. தூண்டிற்காரன் விரும்புவதும் இப்படிப்பட்ட அமைதியான, தெளிந்த நீரைத்தான்.

இந்த அமைதியை முதலிற் பயன்படுத்தியவர்கள் தூண்டிற்காரர்கள் அல்லர்; முத்துக்குளித்தோரே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை இக்கடலில் முத்துக்குளிப்பு நடந்ததாக எழுதியுள்ளார். காலம் மாறியது, ஆட்சிகள் மாறின, கடலின் நாட்காட்டி மாறவில்லை. ஆனால் முத்துப்படுகைகள் வளம் குன்றின. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் நடந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடலின் செல்வம் அள்ள அள்ளக் குறையாதது என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இஃதொரு சான்று.

ஆங்கிலேயர் ஆட்சியில், தூண்டிற் கோலை விளையாட்டுக் கருவியாகக் கொண்டோர் பலர் இங்கு வந்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சென்னை மாகாண அதிகாரியாக விளங்கிய ஹென்றி சல்லிவன் தாமஸ். தென்கன்னட மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய அவர், இந்தியாவில் தூண்டிலிடுதல் பற்றி 1873இலும், ஏரி, குளங்களில் தூண்டிலிடுதல் பற்றி 1887இலும் நூல்கள் வெளியிட்டார். அவரை வெறும் விளையாட்டு வீரர் என்று தள்ளிவிடலாகாது. நெருங்கிய கண்களையுடைய வலையும் பொறியும் நஞ்சும் மீன்குஞ்சுகளை அழிப்பதைக் கண்டு, அதைத் தடுக்க வேண்டுமென்று அரசுக்கு எடுத்துரைத்தார். அதே காலத்தில் மருத்துவர் பிரான்சிஸ் டே இந்திய மீன்களை வகைப்படுத்தி 1875 முதல் 1878 வரை பெருநூல் வெளியிட்டார். மீன்வளம் அழிவதைப் பற்றி அவரும் எச்சரித்தார். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வது குற்றமாயிற்று. 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் பொறுப்பில் சென்னை மாகாணத்தில் மீன்துறை அமைந்தது.

இவ்வளவும் வெள்ளையர் கற்பித்த பாடம் என்று எண்ணற்க. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், முழுநிலா நாளன்று பரதவர் கடலுக்குச் செல்லாமல் ஓய்ந்திருந்து, உண்டு களித்து, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபட்ட செய்தி காணப்படுகிறது. அவ்வோய்வு வழிபாட்டுக்காகவே ஏற்பட்டதாயினும், அந்த ஒரு நாள் கடலுக்கும் ஓய்வு கிடைத்தது. குடகனாற்று நீர் சென்று சேரும் அதே பூம்புகார்க் கரையில்தான் இவ்வழக்கம் நிலவிற்று.

நாடு விடுதலை பெற்ற பின்னர் விசைப்படகுகளும் இழுவை வலைகளும் பெருகின. மீன்பிடிப்பு உயர்ந்தது, குஞ்சுகளின் அழிவும் உயர்ந்தது. எனவே தமிழ்நாட்டில் 2001 முதல் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 45 நாள் மீன்பிடித் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது 61 நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதே அதன் நோக்கம். மனிதனுக்கு வசதியான வேனிற்காலமே மீனுக்கு மகவு ஈனும் காலமாகவும் கொள்ளப்பட்டிருக்கிறது. இத்தடையின் சுமை மீனவர் குடும்பத்தின்மேல்தான் விழுகிறது. அக்காலத்துக்கு அரசு நிவாரணம் வழங்குகிறது. எனினும் அடுப்பெரியும் வீட்டின் கவலை நிவாரணத்தால் மட்டும் தீர்வதில்லை என்பதை, மீனை விலை கொடுத்து வாங்கும் நாம் மறத்தல் ஆகாது.

வெம்மைக்கும் ஓர் எல்லை உண்டு. கடல்நீரின் வெப்பம் ஏறக்குறைய 30 பாகையைக் கடந்து நீடிக்கும்போது பவளப் பாறைகள் வெளுத்துப்போகின்றன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வேனிலில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு நிகழ்ந்தது. பவளப் பாறை பல மீன்களுக்கு இரையும் உறைவிடமும் தருவது. அது வெளுத்து மாண்டால் மீனும் அகன்றுவிடும். இவ்வளத்தைக் காக்கவே 1986இல் அங்குள்ள தீவுகளைக் கொண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது.

மாணவர்களே! தூண்டிலிடுதல் பொறுமையைக் கற்பிக்கும் நல்ல விளையாட்டு. ஆனால் தூண்டிலை எறியத் தெரிந்தவனைவிட, அதை எப்போது சுருட்டி வைக்க வேண்டும் என்று தெரிந்தவனே தேர்ந்த வேட்டைக்காரன். சிறுகுஞ்சு அகப்பட்டால் அதை நீரிலேயே விட்டுவிடுங்கள். புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் சினைமீனை வாய்க்காலில் மறித்துப் பிடிப்பவர்களைக் கண்டால், அடுத்த ஆண்டு கண்மாயில் மீன் இராது என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். துண்டு வீசும்வரை கரையிலே காத்து நிற்கும் சிற்றூர் மக்களின் பொறுமை கடலளவு வளருமாயின், நமக்குப் பின் வருவோர்க்கும் மீன் இருக்கும்.