வீட்டுப் பத்திரங்களில் நிறவெறி நிபந்தனைகள்: அமெரிக்க மாநிலங்கள் நீக்குவது எப்படி?

அமெரிக்காவில் வீடு வாங்குவோர், அந்தச் சொத்தை வெள்ளையர் அல்லாதோருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனையைப் பழைய பத்திரங்களில் இன்றும் காண நேர்கிறது. சட்டப்படி செல்லாத இவ்வாசகங்களை நீக்க அங்குள்ள சில மாநிலங்கள் தனிச் சட்டங்களை இயற்றியுள்ளன.

தோற்றம்

குடியிருப்புப் பகுதிகளை இன அடிப்படையில் நகர நிர்வாகங்கள் பிரிப்பது செல்லாது என 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் ஒப்பந்தங்களுக்கு அத்தீர்ப்பு பொருந்தவில்லை. எனவே, மனை விற்பனையாளர்களும் வீட்டு உரிமையாளர்களும் பத்திரத்திலேயே தடையை எழுதினர். சொத்து கைமாறினாலும் நிபந்தனை நிலத்துடன் தொடர்ந்தது. கருப்பினத்தவருடன், பல இடங்களில் ஆசியர்களும் யூதர்களும் விலக்கப்பட்டனர். 1930-களில் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு வழங்கிய மத்திய அரசு அமைப்பும் இந்நிபந்தனைகளை ஊக்குவித்தது.

தீர்ப்பும் சட்டமும்

செயின்ட் லூயிஸ் நகரில் 1945-இல் ஷெல்லி என்ற கருப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டுக்கு எதிராக, 1911-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குத் தொடரப்பட்டது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என 1948-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு காட்டுவதை 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் தடை செய்தது. ஆயினும், பதிவேடுகளில் வாசகங்கள் அப்படியே நின்றன.

நீக்கும் முறைகள்

மின்னசோட்டாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளர் படிவம் ஒன்றைப் பதிவு செய்து நிபந்தனையை ரத்து செய்யலாம். மூலப் பத்திரம் மாற்றப்படுவதில்லை. கலிபோர்னியாவில் 2021-இல் இயற்றப்பட்ட சட்டம், பழைய ஆவணங்களைத் தேடி வாசகங்களை அடித்துத் திருத்தும் பொறுப்பைப் பதிவு அலுவலகங்களிடமே ஒப்படைத்தது. வாஷிங்டன் மாநிலம் தேடும் பணியை இரு பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது.

அழிப்பதா, காப்பதா?

மூல ஆவணங்கள் அழிந்தால் பாகுபாட்டின் சான்றும் அழியும் என்பது ஆய்வாளர்களின் கவலை. மினியாபொலிஸ் நகரில் மட்டும் சுமார் 8,000 பத்திரங்களை மின்னசோட்டா பல்கலைக்கழகத் திட்டம் ஒன்று கண்டறிந்து வரைபடமாக்க முடிந்தது, அவை பாதுகாக்கப்பட்டதால்தான்.

வாசகத்தை நீக்குவதால், வீடு வாங்க முடியாமல் போன குடும்பங்கள் இழந்த சொத்து திரும்பாது. அதனால், வாஷிங்டன் மாநிலம் 2023-இல் மற்றொரு சட்டம் இயற்றியது. ஆவணப் பதிவுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வசூலித்து, பாதிக்கப்பட்டோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் வீடு வாங்க முன்பணக் கடனுதவி வழங்க அது வகை செய்கிறது.